அடுத்த அலுவலருக்கு

இல்ல மேடம், அது தப்பு. மன்னிக்கணும், சார்ஜ் எடுக்க வந்த அன்னிக்கே குறுக்க பேசறேன்னு நெனச்சுக்காதீங்க. ஆனா இது சாதாரணத் தப்பு இல்ல, ஊர் உலகமே நம்பிக்கிட்டிருக்கிற தப்பு. அரசாங்க ஆபீஸ்ல தகவலை மறைக்கிறாங்கன்னு. மறைக்கிறதுன்னா சும்மாவா? ஒண்ண மறைக்கணும்னா முதல்ல அது எங்க இருக்குன்னு தெரியணும். அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியணும். யார் கண்ணுல படக் கூடாதுன்னு தெரியணும். அவ்வளவு விவரம் தெரிஞ்ச ஆளு இந்தக் கட்டடத்துல யாரு? இந்த ஏழு வருஷத்துல நான் ஒரு தாளக் கூட மறைச்சதில்ல. எடுத்து வச்சிருக்கேன். எடுத்து வைக்கிறது வேற.

உக்காருங்க. அது வேண்டாம், அது பின்னாடி சாயும். இதுல உக்காருங்க. இதான் சார்ஜ் லிஸ்ட். மொத்தம் பதினேழு அயிட்டம். அலமாரி, ரெஜிஸ்டர், தேதி முத்திரை, முத்திரைக்கு மை, ஃபேன், ஃபேனுக்கு ரெகுலேட்டர் இல்லைங்கற குறிப்பு. பதினாறு வரைக்கும் நீங்க கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடலாம். ஏதாவது குறைஞ்சா நான் எங்க ஓடிடப் போறேன், மைதானப் பிரிவுலதான இருப்பேன், கூப்பிடு தூரம். பதினேழாவது மட்டும் நீங்க எண்ணிப் பாத்து வாங்கிக்கணும். இன்னிக்கே. அஞ்சு மணிக்குள்ள.

நாளைக்கு ஆகாது மேடம். சொல்றேன், வரிசையா வரேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த ஊர்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? தூரத்து சொந்தம்? பொண்ணு குடுத்த வகையில, எடுத்த வகையில? உங்க வீட்டுக்காரர் பக்கம்? நல்லா யோசிச்சு சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

ஒருத்தர் கூட இல்லையா. நல்லதாப் போச்சு.

பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்துதான வந்தீங்க? கால்வாய்ப் பாலம் வழியாவா? ஆமாமா, நடைபாலம்தான். இடது பக்கம் கைப்பிடிக்குப் பதிலா கயிறு கட்டியிருக்கும். ஆமா, மஞ்சக் கயிறு. பிடிக்கலையே? நல்லது. அது பிடிக்கிறதுக்காகக் கட்டினது இல்ல.

வாசல்ல பலகை பாத்திருப்பீங்களே. நிலுவையில் உள்ள மனுக்கள், பக்கத்துல தகரத்துல ஒரு பூஜ்யம். ஏழு வருஷமா அந்தப் பூஜ்யம் எறங்கினதே இல்ல. மேலிடத்துல இருந்து மூணு பேர் வந்து பாத்துட்டு பாராட்டுப் பத்திரம் குடுத்துட்டுப் போனாங்க. அதோ, காலண்டருக்குப் பக்கத்துல. சின்ன ஊர்களுக்கான முதல் பரிசு. போட்டியில இருந்தது ரெண்டே ரெண்டு ஊருதான், அத விடுங்க. உங்க பெரிய ஊர்ல நிலுவை எவ்வளவு? ஆறாயிரமா? பாவம்.

எப்படிப் பூஜ்யம்னா, வேலை முறை அப்படி. வாசல்ல பெட்டி இருக்கு. தினம் பதினோரு மணிக்குத் திறப்பேன். தாளை எடுத்து, தேதி குத்தி, ரெஜிஸ்டர்ல ஏத்தி, நம்பர் போடுவேன். பெட்டிக்கு வந்த தேதியில இருந்து முப்பது நாள் கெடு, அதத் தாண்டினாதான் நிலுவை. இருபத்தொம்பதாவது நாளுக்கு மேல நான் எதையும் விட்டதில்ல. புகாருன்னா சம்பந்தப்பட்ட பிரிவுக்குப் போகும், தகவல் கேட்டா நானே பதில் எழுதுவேன். எல்லாமே நம்பர்தான். நம்பர் விழுந்தாதான் அது மனு. விழற வரைக்கும் அது வெறும் தாள்.

வர்ற ஆளுங்களைப் பத்தியும் சொல்லிடறேன். தையல்காரர் ஒருத்தர் மாசா மாசம் வருவாரு. தெருவிளக்கு எத்தனை, அதுல எரியறது எத்தனைன்னு கேப்பாரு. எண்ணிக்கை அவருக்கே தெரியும், ராத்திரி சைக்கிள்ல போய் எண்ணிட்டு வந்துதான் கேப்பாரு. நம்மள டெஸ்ட் பண்றாராம். போட்டோ ஸ்டுடியோக்காரர்னு ஒருத்தர், ஆபீஸ்ல அவருக்குப் பேரே ஏன் சார். எதை எழுதினாலும் கடைசியில ஏன்னு முடிப்பாரு. குழாய்ல தண்ணி மஞ்சளா வருதே, ஏன்? ரோட்டை நோண்டிட்டு மூடலையே, ஏன்? நானும் ஒவ்வொரு தடவையும் எழுதுவேன், ஐயா, ஏன் என்பது தகவல் ஆகாது, ஆவணத்தில் உள்ளதை மட்டுமே தர இயலும்னு. அதான சட்டம். எப்போ, எத்தனை, யாரு, நகல் குடு, இதெல்லாம் கேக்கலாம். ஏன்னு கேக்க முடியாது. ஏன்ங்கறது எந்த ஃபைல்லயும் இருக்காது மேடம். நானும் தேடிப் பாத்திருக்கேன்.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா. சரி.

இப்ப பதினேழாவது அயிட்டம். இந்தக் கீழ் டிராயர். இருங்க, கொஞ்சம் தூக்கி இழுக்கணும். இந்த ஃபைல். மேல எழுதியிருக்கறதப் படிங்க. அடுத்த அலுவலருக்கு. என் கையெழுத்துதான்.

இது எப்படி வந்ததுன்னு சொன்னாதான் உங்களுக்குப் புரியும். நான் இங்க வந்த புதுசுல என் சகலை, அதான் என் வீட்டுக்காரியோட அக்கா புருஷன், கடை லைசன்ஸ் விஷயமா ஒரு தகவல் கேட்டாரு. நாலே நாள்ல குடுத்துட்டேன். வேற ஒண்ணுமில்ல, அது மேலயே கிடந்துது, எடுத்துக் குடுத்துட்டேன். பக்கத்துக் கடைக்காரர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டாரு, சொந்தக்காரனுக்கு நாலு நாள், எங்களுக்கெல்லாம் முப்பது நாளான்னு. விசாரணை வந்துது. ரெண்டு பேரு இதே இடத்துல உக்காந்து, எனக்கும் சகலைக்கும் என்ன உறவுன்னு நாலு பக்கம் எழுதினாங்க. விதிப்புத்தகம் பதினாலாவது விதி. தகவல் அலுவலர் தன் உறவினர் மனுவைத் தொடக் கூடாது, அடுத்த அலுவலருக்கு மாற்றிவிட வேண்டும். உறவினர்னா யாருன்னு பின்னாடி ஒரு பட்டியலே இருக்கு. மாமன், மச்சான், சகலை, கொழுந்தன், சம்பந்தி, ஒண்ணுவிட்டது, ரெண்டுவிட்டது. என்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போனாங்க, இனிமே இந்த விதியை மீற மாட்டேன்னு. இன்னொரு தடவை நடந்தா வேலை போயிடும்னு வாயாலயும் சொன்னாங்க.

நியாயமான விதி மேடம். நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என்ன ஒண்ணு, அடுத்த அலுவலர்னு இங்க யாரும் கிடையாது. ரெண்டு பேர் பணியிடம், ஒண்ணு காலி. நான் வந்த நாள்ல இருந்தே காலி. இன்னொரு ஆள் போடுங்கன்னு பதினோரு தடவை எழுதியிருக்கேன், நகல் எல்லாம் அலமாரியில இருக்கு. பதினோரு தடவையும் ஒரே பதில். பரிசீலனையில் உள்ளது. பாதி ஊர் எனக்கு சொந்தம். சின்ன ஊர்ல அப்படித்தான. முடிவெட்றவரு ஒரு தடவை மனுவைக் கொண்டு வந்து கையில வச்சுக்கிட்டே நிக்கறாரு. சார், நான் உங்களுக்கு மூணு வழியில சொந்தம், ஆனா அதுல ரெண்டு வழியில பேச்சுவார்த்தை கிடையாது, கணக்குல எடுத்துக்காதீங்கங்கறாரு. மூணாவது வழி என்னன்னு கேட்டேன். அது எங்க அத்தை வழி, அவங்ககூடவும் இன்னிக்கு சாயங்காலம் சண்டை போட்டுடறேன்னாரு.

சிரிங்க சிரிங்க. நானும் அப்ப சிரிச்சேன்.

அதனால சொந்தக்காரங்க தாள் வந்தா நம்பர் போட மாட்டேன். போட்டா நான் தொட்ட மாதிரி ஆயிடும். வந்த தேதியை மட்டும் ஓரத்துல பென்சில்ல எழுதி இந்த ஃபைல்ல வைப்பேன். அடுத்த அலுவலர் வந்தா எடுத்துப் பாக்கட்டும்னு. ஊர்க்காரங்களுக்கு இது பழகிடுச்சு. எனக்கு சொந்தமா இருக்கறவங்க பக்கத்து வீட்டுக்காரர் பேர்ல எழுதிப் போடுவாங்க. காரியம் நடந்துடும். அப்படி எழுதத் தெரியாதவங்க தாள் மட்டும் இங்க. எத்தனைங்கறீங்களா? எண்ணுங்க, நான் சொல்லக் கூடாது. நாப்பத்தி மூணு வரணும்.

ஒருத்தர் மட்டும் என்ன சொன்னாலும் கேக்கல. மூணு மனு, மூணும் அவரு பேர்லயே. அந்த நீலத் தாள், அதான். ரிட்டயர்டு டைம் கீப்பர். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போச்சுன்னு எழுதற வேலை, முப்பத்தி நாலு வருஷம். வீட்ல சாப்பாடு போட்டா கூட கைக்கடிகாரத்தைப் பாத்துட்டுதான் கை கழுவுவாரு. காலையில நடக்கப் போவாரு. படிங்க மேடம், அழகா எழுதியிருப்பாரு. காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்திற்குக் கால்வாய் நடைபாலத்தின் இடப்புறக் கைப்பிடியைப் பிடித்தேன். அது என்னுடன் வந்துவிட்டது. ஆறு பதினைந்துக்கு அதை இருந்த இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சென்றேன். தங்கள் தகவலுக்காக.

ரெண்டாவது தாள் அதுக்கு நாப்பது நாள் கழிச்சு. மூணாவது அதுக்கும் அப்புறம். மூணாவதுல, முதல் மனு குடுத்து இன்றோடு தொண்ணூத்தொரு நாள், முப்பது நாள் கெடு மூன்று முறை தவறியுள்ளது, வழித்தடத்தில் இது போல் நடந்திருந்தால் வண்டியை நிறுத்தியிருப்பேன்னு எழுதியிருப்பாரு.

கேக்கறீங்க பாருங்க, நியாயமான கேள்வி. வாய் வார்த்தையாச் சொன்னேன் மேடம். இன்ஜினியர்கிட்ட, கேன்டீன்ல வச்சு. பாலத்துக் கைப்பிடி கழண்டிருக்காம் சார்னு. நம்பர் சொல்லுங்கன்னாரு. நம்பர் இல்ல சார்னேன். நம்பர் இல்லாம நான் எந்த ஃபைல்ல போட்டு வேலை எடுக்கறதுன்னாரு. அதுவும் சரிதான. அப்புறம் அவரு பிஸ்கட் எடுத்துக்கிட்டாரு, நானும் எடுத்துக்கிட்டேன்.

அந்தப் பெரியவர்கிட்டயும் சொன்னேன். வேற யார் பேர்லயாவது எழுதிப் போடுங்களேன், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கன்னு. ஒத்துக்கல. விழப் போறது நானு, அடுத்தவன் பேர்ல எதுக்கு எழுதணும்னாரு. சரி, அந்தப் பாலத்துல போகாதீங்க, சுத்திக்கிட்டுப் போங்கன்னேன். மனு குடுத்தா பதில் குடுங்க, புத்திமதி குடுக்காதீங்க மாப்ளன்னாரு.

ஆமா, மாப்ளன்னுதான் கூப்பிடுவாரு.

ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல சாப்பிட வருவாரு. சாப்பிட்டு எழுந்து, துண்டால கை தொடச்சுக்கிட்டே கேப்பாரு, என் மனு என்ன ஆச்சுன்னு. பரிசீலனையில இருக்கு மாமான்னு சொல்வேன். என் வீட்டுக்காரி சிரிப்பா. வீட்டுக்குள்ளயும் ஆபீஸ் பாஷையான்னு. அவளுக்கு எந்த மனுன்னு தெரியாது. அவரு ஏதாவது எழுதிக்கிட்டேதான் இருப்பாரு, தபால் லேட்டு, பால் பாக்கெட்டுல தேதி இல்ல, அதுல ஒண்ணுன்னு நெனச்சிருப்பா.

எண்ணிட்டீங்களா? இருபத்தாறு வரைக்குமா. எண்ணுங்க, நான் பேசறதுக்காக நிறுத்தாதீங்க.

நாலு மாசம் ஆகுது. காலையில ஆறு பதினாலுக்கு. கடிகாரம் அதுல நின்னுருந்துது, அதான் நிமிஷம் தெரியும். கால்வாய்ல தண்ணி முழங்கால் அளவுதான், கல்லு ஜாஸ்தி. கைப்பிடியும் அவரு பக்கத்துலயே கெடந்துது. நான் போனப்ப பால்காரர் குடை பிடிச்சுக்கிட்டு நின்னாரு, மழை எல்லாம் இல்ல, எதுக்குப் பிடிச்சாருன்னு தெரியல.

மறுநாள் மறுநாள்னு பத்து நாள்ல ஒரு விசாரணை. இன்ஜினியர் பிரிவுல இருந்து எனக்கு ஒரு தாள் வந்துது. மேற்படி பாலம் குறித்து முன்பு புகார் எதுவும் வந்துள்ளதான்னு. ரெஜிஸ்டரை எடுத்தேன். முதல் பக்கத்துல இருந்து பாத்தேன் மேடம், ஏழு வருஷம், ஒவ்வொரு வரியா. இல்ல. பதிவேட்டின்படி புகார் ஏதும் பெறப்படவில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. அதை வச்சு அவங்க முடிச்சுட்டாங்க. முதுமை காரணமாக ஏற்பட்ட கவனக்குறைவு. அந்த ஒரு வரிதான் ரிப்போர்ட்டு.

வீட்ல கேட்டா. எங்கப்பா கவனக்குறைவாங்க? ஒரு நிமிஷம் தப்பா எழுதினதில்ல அந்த மனுஷன், கைப்பிடி ஆடறது தெரிஞ்சும் எழுதிக் குடுக்காமயா இருந்திருப்பாரு? உங்க ஆபீஸுக்கு ஒண்ணுமே வரலையான்னா. ரெஜிஸ்டர்ல ஒண்ணும் இல்லம்மான்னேன். குழம்பு சூடு பண்ணட்டுமான்னு கேட்டா. பண்ணுன்னேன்.

அப்புறம் கேக்கல.

எத்தனை? நாப்பத்தி ரெண்டா. இல்ல, இன்னொண்ணு இருக்கு, கடைசி அட்டையோட ஒட்டிக்கிட்டிருக்கும். கோடு போட்ட தாள். ஆங், அதான்.

முப்பது நாளைக்கு முன்னாடி பதினோரு மணிக்குப் பெட்டியைத் திறந்தா இது கெடந்துது. கையெழுத்து தெரிஞ்சிடுச்சு, மளிகை லிஸ்ட் எழுதற கையெழுத்துதான. தகவல் அலுவலர் அவர்களுக்கு, ஐயா, அப்படின்னு ஆரம்பிக்கும். எனக்கு ஐயான்னு எழுதியிருக்கா. மூணே கேள்வி. இன்ன தேதிக்கு முன்பு கால்வாய் நடைபாலம் குறித்து மனு ஏதும் தங்கள் அலுவலகத்திற்கு வந்ததா, வந்திருப்பின் எந்தத் தேதிகளில், அவற்றைப் பெற்றுக்கொண்டவர் யார், நகல் தேவை. எவ்வளவு சரியா கேட்டிருக்கா பாருங்க. ரெஜிஸ்டர்ல இருக்கான்னு கேக்கல. ஆபீஸுக்கு வந்ததான்னு கேட்டிருக்கா. ஏன்னு ஒரு கேள்வி கூடக் கிடையாது. பதினெட்டு வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணதுல அது ஒண்ணுதான் கத்துக்கிட்டிருக்கா.

கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க. தகவல் அலுவலருக்கும் தங்களுக்கும் உறவு உண்டா. இல்லைன்னு எழுதியிருக்கா. உண்டுன்னு எழுதினா இந்த ஃபைலுக்குப் போயிடும்னு அவளுக்குத் தெரியும், வருஷக்கணக்கா நான் வீட்ல புலம்பினதுதான. தப்பான விவரம் குடுத்தா மனுவைத் திருப்பி அனுப்பலாம், விதி இருக்கு. அனுப்பல. நம்பரும் போடல. பென்சில்ல தேதி எழுதி இதுல வச்சேன்.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டோம். அவளும் ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல. இந்த முப்பது நாளும் அப்படித்தான். டிவி ஓடும்.

வச்சு யோசிச்சேன். அடுத்த அலுவலருக்குன்னு ஏழு வருஷமா எழுதி வைக்கிறேன், அடுத்த அலுவலர்னு ஒருத்தர் எப்பதான் வருவாரு? நான் இங்க இருக்கற வரைக்கும் வர மாட்டாரு. அதனால எனக்கு மாறுதல் கேட்டு எழுதினேன். ஆள் போடச் சொல்லி பதினோரு தடவை எழுதினதுக்கு வராத பதில், என்னை எடுங்கன்னு ஒரே தடவை எழுதினதுக்கு ஒம்பது நாள்ல வந்துடுச்சு. மைதானப் பிரிவு. புல் வெட்ற மிஷின் சாவி இனிமே என்கிட்டதான். உங்களை இங்க போட்டாங்க. நீங்க லீவ்ல இருந்ததால இன்னிக்கு வரைக்கும் இழுத்துடுச்சு. முப்பதாவது நாள்.

இப்ப நாப்பத்தி மூணு சரியா இருக்கா? இங்க ஒரு கையெழுத்து. தேதி போடுங்க. நேரமும் போட்டுடுங்க. மூணு நாப்பது.

இதுக்கெல்லாம் இனிமே நீங்க நம்பர் போடலாம். அந்த நீலத் தாள் மூணுக்கும் சேர்த்துதான். மனுதாரர் இறந்துட்டா முடிச்சு வச்சுடலாம்னு ஒரு விதி இருக்கு, முடிக்கணும்னு இல்ல, முடிக்கலாம்னுதான் இருக்கு, பாத்துக்குங்க. கோடு போட்ட தாளுக்கு மட்டும் இன்னிக்கே பதில். வந்தது. மூணு தேதி, பென்சில்ல ஓரத்துல இருக்கு. பெற்றுக்கொண்டவர்ங்கற இடத்துல என் பேரு, பதவியோட எழுதணும். அதிகாரி பேரை மறைக்க நமக்கு அதிகாரம் கிடையாது.

தபால்ல அனுப்ப வேண்டாம். பதிலை எப்படிப் பெற விரும்புகிறீர்ங்கற இடத்துல நேரில்னு எழுதியிருக்காங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க பாருங்க, துணிப்பை வச்சுக்கிட்டு, அவங்கதான். ரெண்டு மணியில இருந்து இருக்காங்க. நீங்களே கூப்பிட்டுடுங்க. நான் கூப்பிடக் கூடாது.

நான் முன் பக்கமாப் போறதா பின் பக்கமாப் போறதான்னு விதியில ஒண்ணும் இல்ல. பாத்துக்கறேன்.

ஆங், ஒண்ணு மறந்துட்டேன். நீங்க நம்பர் போட்டவுடனே வாசல் பலகையையும் மாத்தணும். ஸ்டூல் அந்த மூலையில இருக்கு, ஒரு கால் ஆடும், யாரையாவது பிடிச்சுக்கச் சொல்லிட்டு ஏறுங்க. தகடு தேடாதீங்க, வேற நம்பர் கிடையாது. பலகை செய்யக் குடுத்தப்ப பூஜ்யம் மட்டும்தான் வாங்கினோம். சாக்பீஸ் மேல் டிராயர்ல இருக்கு.